பெட்ஷீட்டுக்குப் பின்னால் பத்து நாள் பேய்ப்படம்

1. மடிப்பு

"மாரியம்மா, ஒரு மடிப்பும் இருக்கக் கூடாது. மூஞ்சி எல்லாம் கோணலா தெரியும்" என்றார் மெனேஜர் மாத்தயா. சிங்களக்காரர், அதனால் எங்களுக்கு ஐயா இல்லை, மாத்தயா.

எந்த மூஞ்சி என்று எனக்குப் புரியவில்லை. இருப்பதிலேயே பெரிய பெட்ஷீட்டை எடுத்துக் கஞ்சி போட்டு, அயன் பண்ணிக் கொடுத்தேன். அதை அவர் ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் இருக்கும் பெரிய வாசலில் கட்டினார். அப்போதுதான் அது படம் காட்டும் திரை என்று புரிந்தது.

முப்பது வருடம் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தபிறகு நான் வேலைக்கு வந்த இடம் இது. டிக்கோயாப் பக்கம், அந்தக் காலத்துத் துரை இருந்த பங்களா, இப்போது ஹோட்டல். அறைகளைக் கூட்டித் துடைப்பது, துணிமணி பார்ப்பது என் வேலை. புதிதாகப் பங்களா வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒக்டோபர் கடைசியில் வெள்ளைக்காரர்களுக்குப் பேய்த் திருநாள் ஒன்று உண்டாம், ஹலோவீன் என்பார்கள். அதற்காக அந்த வருடம் பத்து நாளும் பின்னேரம் நான்கு மணிக்குப் பேய்ப்படம் என்று மாத்தயா போர்ட் எழுதி வைத்தார். ஒரு நாள் பழைய படம், மறுநாள் புதிய படம். அந்த மாதத்தில் நான்கு மணிக்கே மழையும் மூட்டமும் வந்து மலையை மூடிவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும், ஹோல் இருட்டிவிடும்.

2. செல்வி

படம் நடக்கும்போது ஹோலில் தேத்தண்ணீர் கொடுப்பது செல்வியின் வேலை. எங்கள் லயத்துப் பிள்ளை, தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களோடு இருப்பவள். ஆறு மாதக் கைக்குழந்தை இருந்தது. பங்களாவுக்குக் கீழேதான் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. நடுவில் இரண்டு தடவை ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். இந்த வேலை போனால் அவள் கொழுந்து மலைக்குத்தான் போக வேண்டும். அப்போது எடுத்துக்கொண்டிருந்த மலை தூரம், பாலுக்கு நடுவில் வந்து போக முடியாது.

முதல் நாள் படத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு கை வந்தது. செல்வி தட்டத்தைப் போட்டுவிட்டுச் சமையல் நடக்கும் குசினிக்கு ஓடிவந்தாள். ஆறு கோப்பை உடைந்தது.

"நான் பச்ச ஒடம்புக்காரி, பெரியம்மா. மாமியார் அப்பவே சொன்னாங்க, பேய அடிக்கடி கூப்பிட்டா அது வந்து குந்திக்குமாம். எனக்குப் பாலு வத்திப்போனா புள்ளைக்கு யாரு பதில் சொல்றது?"

"அது படம்டி. கரண்ட நிப்பாட்டுனா போயிரும்."

"கரண்ட நிப்பாட்டுனா படம் போயிரும். அதுக்குள்ள வந்தது போகுமா?"

மறுநாளும் அவள் ஹோலுக்குள் கால் வைக்கவில்லை. தட்டத்தை வாசலில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மாத்தயா குசினிக்கு வந்தார்.

"செல்வி, மூணு நாள் பாக்கிறேன். பயம் என்டா நான் கொழும்புல இருந்து ரெண்டு ஆள் எடுக்கணும். எடுத்தா அவங்கள பெறகு திருப்பி அனுப்ப ஏலாது, சரியா?"

அவர் கத்தவில்லை. அதனால்தான் செய்துவிடுவார் என்று தெரிந்தது.

3. பின்பக்கம்

அதற்குப் பிறகு தட்டத்தை வாசலில் இருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான். கொடுத்துவிட்டு, ஆட்கள் முன்னால் உட்கார வெட்கப்பட்டு, சாப்பாட்டு அறைக்குப் போய்விடுவேன். அங்கே பெட்ஷீட்டின் பின்பக்கம். கடைசி நாள் வரைக்கும் அங்கேதான் படம் பார்த்தேன். துணி மெல்லிசு, படம் இந்தப் பக்கமும் தெரியும். இடது வலமாக, வலது இடமாக. எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும். எனக்கு எப்படியும் இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, அதனால் நட்டமில்லை.

ஜன்னல் சந்தால் மூட்டம் உள்ளே வரும். வந்து பெட்ஷீட்டின் மேல் படும். பழைய படங்களும் மூட்டத்தின் நிறம்தான், கறுப்பும் வெள்ளையும். எது அவர்கள் ஊர் மூட்டம், எது எங்கள் ஊர் மூட்டம் என்று சில நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. பெரிய பங்களா, நீளமான படிக்கட்டு, கையில் விளக்கோடு ஒரு வேலைக்காரி. நான் பேயைப் பார்த்ததை விட அவளைத்தான் அதிகம் பார்த்தேன். எல்லாப் படத்திலும் அவளுக்கு முதலிலேயே விஷயம் தெரியும். அந்த அறைக்குப் போகாதீர்கள் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். யாரும் கேட்பதில்லை. கடைசியில் அத்தனை இரத்தத்தையும் அவள்தானே துவைத்திருப்பாள்? பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைக்க வேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை போகாது என்று உள்ளுக்குள் அவளிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

புதிய படங்கள் வேறு மாதிரி. சாதாரண வீடு, பிரிட்ஜ், போன். ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. பழைய படத்தில் பேய் வந்தபிறகு பயம். புதிய படத்தில் வராமல் இருக்கும் வரைக்கும் பயம். கண் பாதி மூடி, மழைச் சத்தம் ஓட்டில் கேட்க, நான் அந்த வீடுகளுக்குள் நடந்து திரிந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. செல்வியிடம் சொல்லவில்லை.

4. நெடி

மாத்தயா கொடுத்த தவணையின் மூன்றாவது நாள் மத்தியானம், எதைப் பார்த்தால் நம்புவாய் என்று செல்வியிடம் கேட்டேன். "சுத்திப்போட்டு நெடி வந்தா நம்புவேன்" என்றாள். உப்பு, கடுகு, காய்ந்த மிளகாய் மூன்றையும் கையில் எடுத்தேன். செல்வியைக் குசினிப் பின்வாசலில் நிற்க வைத்து மூன்று தடவை சுற்றி, மூன்று தடவை துப்பச் சொன்னேன். இனி நெருப்பில் போட வேண்டும். மிளகாய் நெடி அடித்து இருமல் வந்தால் ஒன்றும் இல்லை. நெடியே வராவிட்டால்தான் ஏதோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

குசினியில் இப்போது காஸ் அடுப்பு. தணல் இருக்கிற ஒரே இடம் ஹோலில் சுவரோடு கட்டியிருக்கும் பயர்பிளேஸ். படத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஆள் இருக்காது என்று நினைத்துப் போனேன். ஆனால் மழை முந்திவிட்டது. பூந்தோட்டத்தில் இருந்த விருந்தாளிகள் எல்லாம் உள்ளே வந்து, படமும் ஆரம்பித்திருந்தது.

நான் பெட்ஷீட்டுக்குப் பின்னால் கையை மூடிக்கொண்டு நின்றேன். சுற்றிப் போட்டதை எங்கேயும் வைக்கக் கூடாது. வைத்தால் திரும்பவும் அவளையே பிடிக்கும் என்பார்கள். நல்லது செய்யப்போய், அவள் பயத்தை என் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று வியர்த்தது. படம் முடிய ஒன்றரை மணி நேரம். அதற்குள் மாத்தயா கொழும்புக்குப் போன் எடுத்துவிடுவார்.

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெட்ஷீட்டின் ஓரத்தை விலக்கி ஹோலுக்குள் நடந்தேன்.

படத்தில் நீளமான வெறும் தாழ்வாரம். ஆள் இல்லை, சத்தம் இல்லை. படம் காட்டும் மெஷினின் வெளிச்சத்துக்குக் குறுக்கே நான் போனேன். என் நிழல் பெட்ஷீட் முழுக்க எழுந்தது. முக்காடு போட்ட கறுப்பு உருவம், ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு. வெள்ளைக்காரர்கள் கத்திய கத்தலில் எனக்கே பயம் வந்துவிட்டது. கையில் இருந்ததைத் தணலில் வீசினேன்.

கடுகு படபடவென்று வெடித்தது. மூட்டத்துக்குப் புகை மேலே போகவில்லை, அப்படியே ஹோலுக்குள் இறங்கியது. ஒருவர் இருமினார். பிறகு விருந்தாளிகள் ஒன்பது பேரும் இருமினார்கள். பாட்டி மாதிரி ஒரு வெள்ளைக்காரம்மா பின்னிக்கொண்டிருந்த கம்பளியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். எல்லோரும் ஓடினார்கள்.

"மொகத மே, மாரியம்மா? என்ன செஞ்ச?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்ட மாத்தயாவும் இருமினார், கண்ணில் தண்ணீர்.

இந்த வயதில் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

அப்போது குசினி வாசலில் செல்வியின் குரல் கேட்டது. "பெரியம்மா! எல்லாருக்கும் நெடி ஏறுது! மாத்தயாவுக்கும் ஏறுது!" சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஒரு தட்டம் நிறையத் தண்ணீர்க் கிளாஸோடு நேரே ஹோலுக்குள் வந்தாள். படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, வராந்தாவுக்குப் போய் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள்.

மாத்தயா அவளையே பார்த்தார். "இப்ப பயம் இல்லையா?"

"இவ்வளவு நெடி இருந்தா உள்ள ஒன்னும் இல்லீங்க, மாத்தயா."

அதை அவர் விருந்தாளிகளுக்கு இங்கிலீசில் சொன்னார். கம்பளி அம்மா இன்னொரு தடவை இருமிவிட்டு ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று மாத்தயா சொல்லவில்லை. "இனி என்ன சுட்டாலும் வெளிய சுடு" என்று மட்டும் என்னிடம் சொன்னார். கொழும்பில் இருந்து யாரும் வரவில்லை. மிச்சம் ஐந்து நாளும் செல்விதான் தேத்தண்ணீர் கொடுத்தாள். படத்தில் ஆள் செத்துக்கொண்டிருக்கும்போது, "சீனி எவ்வளவு?" என்று விரலால் கேட்பாள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்களோடு வேலை செய்கிறவள் ஒன்றுக்குப் பயந்தால், அது பொய் என்று அவளோடு தர்க்கம் பண்ணாதீர்கள். நான் பண்ணிப் பார்த்தேன், அவள் ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை. எதைப் பார்த்தால் நம்புவாள் என்று அவளிடமே கேளுங்கள். அதைச் செய்யும்போது மட்டும், விருந்தாளிகள் வெளியே போயிருக்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.