அடுத்தவன் ஊர் மழை

செல்லப்பாண்டியைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

பிஜு இல்லை. பிஜுவின் தலையில் விழுந்த பழி எனக்குரியது. என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் மேலே படிக்க வேண்டாம்!

காட்டிக்கொடுத்தது ஒரு விளையாட்டில். கைப்பேசியில் ஆடுகிற விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கிரகத்தில் தொடங்கி, சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, அக்கம்பக்கத்துக் கிரகங்களைப் பிடித்துப் பேரரசன் ஆக வேண்டும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கிற, தலை நரைக்கத் தொடங்கிய ஒரு விவசாயிக்கு இது தேவையா என்று என் மனைவியும் சிரித்தவள்தான். "ஏனுங்க, அந்த நெலாவுக்குத் தண்ணி பாச்சுனது போதும். மோட்டார நிறுத்திப் போட்டுச் சோத்துக்கு வாங்க" என்பாள்.

அவளுக்குத் தெரியாது. அங்கே நான் ஒரு கூட்டணியின் தலைவன். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வளைகுடாவிலும் இருக்கிற ஆட்களைச் சேர்த்து அதை உண்டாக்கியவன் நான். யாரை அடிப்பது, யாரை விடுவது என்று என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். ஊரில் என்னை யார் கேட்கிறார்கள்?

பிறகு இடுக்கி மலையில் இருக்கிற ஆனைக்கரையிலிருந்து செல்லப்பாண்டி வந்து சேர்ந்தான். அவன் பக்கத்து வீட்டு மலையாளி பிஜுதான் அவனுக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுத்து எங்களிடம் அழைத்துவந்தவன்.

செல்லப்பாண்டியின் போர்முறை எளிது. கப்பல்கள் ஒரு கிரகத்தில் நிற்கும்போதுதான் எதிரி அடிக்க முடியும். பறக்கிற கப்பலை யாராலும் தொட முடியாது. ஆகவே அவன் தன் படையைப் பறக்கவிட்டுக்கொண்டே இருப்பான். இறங்கும் நேரம் பார்த்துக் கைப்பேசியைத் திறந்து அடுத்த திசைக்கு அனுப்பிவிடுவான். பகலென்றும் இரவென்றும் பாராமல் இதைச் செய்ய மற்றவர்களுக்கு நேரமில்லை. அவனுக்கு இருந்தது. படுக்கையில் கிடப்பவனுக்கு வேறென்ன வேலை?

ஆம், படுக்கையில்! ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு சரிவில் ஜீப் உருண்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இதைக் கூட்டணியில் யாருக்கும் அவன் சொல்லவில்லை. பிஜுவுக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் செல்லப்பாண்டியே எனக்குச் சொன்னான்.

"யார்ட்டயும் சொல்லிறாதீங்கண்ணே. இங்கிட்டு நான் கெடக்கேன். அங்கிட்டு நாலு பேர் என்னையப் பெரிய ஆளுன்னு நெனைக்கிறாய்ங்க. அது ஒண்ணுதாண்ணே எனக்கு இருக்கு."

அது ஒன்றுதான் அவனுக்கு இருந்தது. அதை என்னிடம் அவனே சொன்னான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை, பார்த்தீர்களா?

வந்த சில மாதங்களில் எல்லோரும் அவனையே கேட்கத் தொடங்கினார்கள். சரி, ஓட்டு வைத்துப் பார்த்துவிடலாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நானே. தோற்றேன். எனக்கு விழுந்த சொற்ப ஓட்டில் தன்னுடையதும் ஒன்று என்று அவனே பிற்பாடு வெள்ளந்தியாகச் சொன்னான். தோல்வியைக்கூடப் பொறுத்திருப்பேன்... அந்த ஓட்டைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவனுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மழை. ஆனைக்கரையில் இடி இடித்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் சற்று நேரத்தில் டவரும் போகும். அப்போது கப்பல்கள் இறங்கி நிற்கும், அவனால் கிளப்ப முடியாது. ஆட்டக்காரர்கள் தங்கள் விருப்பங்களை எழுதுகிற பொதுப் பக்கத்தில் அவன் ஒரு கோரிக்கை வைத்தான். நெட்வொர்க் அறுந்துபோகிறவனின் கிரகத்துக்குச் சில மணி நேரம் தானாக ஒரு கவசம் விழ வேண்டும். மலைநாட்டில் இருக்கிறவர்களும் சமமாக விளையாட அது உதவும். இவ்வளவுதான் எழுதியிருந்தான்.

நியாயமான கோரிக்கை. நான் வேறொரு பெயரில் போய் அதன் கீழே எழுதினேன்: "மழைக்குப் பயந்தவன் குடை பிடித்துக்கொண்டு விளையாடட்டும்."

சிரிப்புப் படங்கள் வந்து குவிந்தன. தமிழன், மலையாளி, எங்கோ இருக்கிற வெள்ளைக்காரன், எல்லோரும் சேர்ந்து கிண்டலடித்தார்கள். அவன் கோரிக்கையை அழித்துவிட்டான். அன்று எனக்கு இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியது!

எங்கள் பக்கம் மழை கெஞ்சிக் கேட்டாலும் வராது. காலையில் எழுந்ததும் கைப்பேசியில் மேகப்படம் பார்ப்பது என் தொழில். பெருமாட்டிக்கு மேலே ஏதாவது நகர்கிறதா என்று பார்ப்பேன். ஐப்பசி பிறந்ததும் ஒருநாள் என் விரல் தானாகத் தெற்கே நகர்ந்தது. இடுக்கிக்கு மேலே போய் நின்றது. துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழைக்காலத்தில் அங்கே மத்தியானத்துக்கு மேல்தான் இடிமழை கட்டும். அன்றிலிருந்து என் தோப்பை விட்டுவிட்டு அவன் கூரையின் மேல் மழையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

அது வந்தது. வருவதற்கு முன்னால் அவனுடைய குரல் வந்தது.

"அண்ணே, வானம் கருகருன்னு வருது. பிஜுவும் கட்டப்பனைக்குப் போயிட்டான். படை நாலு மணிக்கு எறங்கிரும்ணே. டவர் போச்சுன்னா காவலுக்கு உங்க கப்பல அனுப்பி நிப்பாட்டுறீங்களா?"

"அதுக்கென்னுங்க தம்பி. நான் இருக்கறனுங்களே, நீங்க படுத்து ஓய்வெடுங்க."

எங்கள் பக்கத்தில் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் அறுப்போம்.

எதிர்க் கூட்டணியின் தலைவனுக்குச் சொல்லிவிட்டேன். எந்தக் கிரகம், எத்தனை மணி, எல்லாம். சந்தேகம் வராதிருக்கக் காவலுக்கென்று என் கப்பல்கள் சிலவற்றையும் அனுப்பிச் சாகக் கொடுத்தேன். பழைய கப்பல்களாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். வெயிலில் தென்னைமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் சாய்ந்துகொண்டு, அவனுடைய படை சாம்பலாவதைப் பார்த்தேன். ஒரு துளி மழை இல்லை இங்கே!

மறுநாள் காலையில் டவர் வந்ததும் அவன் அனுப்பிய முதல் குரல்பதிவு: "என்னண்ணே... ஒண்ணுமே இல்ல?"

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இனித்தது. ஏன் இனித்தது என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்.

படையைக் காக்கத் தெரியாதவன் தலைவனா என்று கூட்டணியில் கேட்டார்கள். கேட்கவைத்தேன். அவன் தானாகவே விலகினான். நாற்காலி என்னிடம் திரும்பியது.

இத்தோடு நின்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

தை மாதம் ஆனைக்கரைக்குப் போனேன். பொள்ளாச்சி, தேனி வழியாகப் போய்க் கம்பம்மெட்டு ஏறுகிற வரையில், மன்னிப்புக் கேட்கத்தான் போகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! எந்த அளவுக்கு அடி விழுந்திருக்கிறது என்று நேரில் பார்க்கப் போனேன்.

ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தான். குரலுக்குப் பொருந்தாத ஒல்லி உடம்பு. என்னைக் கண்டதும் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தான்.

"அண்ணே! இம்புட்டுத் தூரம் என்னையப் பாக்கவா வந்தீங்க?"

அவனுடைய அம்மா பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்தார். வைத்துவிட்டு என்னிடம் முறையிட்டார். "அந்த பிஜுப் பய வர்றதே இல்ல தம்பி. தெனமும் சாயந்தரம் இவன அலாக்கா தூக்கி முத்தத்துல கொண்டுபோய் உக்கார வைப்பான். இவன் என்னமோ சொல்லி வெரட்டிவிட்டுட்டான். நான் ஒத்தப் பொம்பள, இவன எப்படித் தூக்குவேன்? ஐப்பசியிலருந்து இந்த ரூமுக்குள்ளதான் கெடக்கான்."

"நீ சும்மா இரும்மா" என்றான் செல்லப்பாண்டி. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "அவந்தாண்ணே காட்டிக்கொடுத்தது. படை எறங்குற எடம் உங்களுக்கும் அவனுக்கும்தான் தெரியும். உங்க கப்பலும் எனக்காகச் செத்துச்சு. அன்னைக்கு அவன் கட்டப்பனையில, அவனுக்கு டவர் இருந்துச்சு. வேற யாருண்ணே?"

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

அவன் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. இல்லை தம்பி, அவனாக இருக்காது என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்ற கெஞ்சல். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரே ஒரு வார்த்தை! நான் உண்மையைக்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். பிஜு அப்படிப்பட்டவன் இல்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் மறுநாள் சாயந்தரம் அவன் முற்றத்துக்குப் போயிருப்பான்.

நான் சாயாவை ஒரு வாய் குடித்தேன்.

"எனக்கு அன்னைக்கே அவன் மேல ஒரு சந்தேகந்தானுங்க தம்பி. சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு உட்டுட்டனுங்க."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவனுடைய அம்மா என்னை வாசல்வரை வந்து வழியனுப்பினார், ஒரு பொட்டலம் ஏலக்காயும் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் பாயசத்துக்குப் போட்டோம். மனைவி நல்ல வாசம் என்றாள்.

பிஜு எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். "சேட்டா, பாண்டி என்கிட்ட மிண்டறதே இல்ல, ஒரு பேச்சு இல்ல. வீட்டுக்குப் போனா கதவு தொறக்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுது. நீங்க பறஞ்சா அவன் கேக்கும். ஒரு வார்த்தை சொல்லுங்க சேட்டா." படித்தேன். அவன் எண்ணைத் தடுத்துவைத்தேன்.

இப்போது செல்லப்பாண்டி முதலிலிருந்து தொடங்கி மறுபடி ஒரு படை கட்டியிருக்கிறான். சின்னப் படைதான். போன வாரம் தன் கணக்கின் கடவுச்சொல்லை எனக்கு அனுப்பினான். "மழை நாள்ல நீங்க உள்ள போயி கப்பலக் கெளப்பிவிட்டுருங்கண்ணே. உங்க ஊர்லதான் மழையே இல்லையே! இனி உங்கள ஒருத்தரத்தான் நம்புறேன்."

அவன் கேட்டு, நான் கிண்டலடித்து அழிக்கவைத்த கவசம் நினைவிருக்கிறதா? அந்தக் கவசம் இப்போது நான்.

நேற்று இரண்டு முறை அங்கே இடித்தது. இரண்டு முறையும் ஒழுங்காகக் கப்பல்களைக் கிளப்பிவிட்டேன். சாயந்தரம் டவர் வந்ததும் கூப்பிட்டு நன்றி சொன்னான். ஜன்னல் வழியாக முற்றம் தெரிகிறது, மழையில் கழுவிவிட்டதுபோல் இருக்கிறது என்றான்.

பிஜுவைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். வாயைக்கூடத் திறந்தேன்... "ஒடம்பப் பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்று காலை எழுந்ததும் மேகப்படத்தைத் திறந்தேன். பெருமாட்டியில் ஒன்றுமில்லை. ஆனைக்கரைக்கு மேலே கருப்பாகத் திரண்டிருக்கிறது. அவனுடைய படை நாலு மணிக்கு இறங்குகிறது. எதிர்க் கூட்டணித் தலைவனின் எண் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதை நான் ஏன் அழிக்கவில்லை?