ஓட்டையை விட மெலிந்த தண்ணீர்

ஒரத்தநாட்டுப் பக்கம் தன் கிராமத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்த முதல் ஆள் எழில்மொழிதான். ஊரார் வயலில் கூலிக்கு உழைத்த அப்பா ஐயாவு இப்போது குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்கிறார். அவள் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்தாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். கணவன் சிங்கப்பூரில், இவள் குழந்தையோடு அம்மா வீட்டில். மகள் பால்வாடிக்குப் போக ஆரம்பித்த பிறகு, வீட்டுப்பாடச் சந்தேகங்களைத் தீர்த்துவைக்கும் இணையதளம் ஒன்றில் சேர்ந்துகொண்டாள். யாரோ எங்கிருந்தோ கணக்கைப் படமெடுத்து அனுப்புவார்கள். இவள் விடையை எழுதி அனுப்புவாள். நன்றி என்று வரும். அடுத்த கணக்கு வரும்.

ஒரு காலைப்பொழுதில் நாகப்பட்டினத்திலிருந்து சபிஹா என்ற பெண் கேட்டாள். அடியில் ஓட்டை விழுந்த தொட்டி. தண்ணீர் முழுவதும் வடிய எவ்வளவு நேரமாகும்? தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறையும் என்பதால் தொகையிடல் போட வேண்டிய கணக்கு. எழில்மொழிக்கு இது மனப்பாடம். மளமளவென்று எழுதி அனுப்பிவிட்டாள்.

நன்றி வரவில்லை. மறுநாள் அந்த இணையதளம் வழியாகவே சபிஹாவின் அழைப்பு வந்தது.

"மேடம், நீங்க சொன்ன விடை புத்தகத்தோட ஒத்துப்போவுது. ஆனா நான் வீட்டு வாளியில ஓட்டை போட்டுப் பாத்தேன். கணக்கு சொல்ற நேரத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல ஆவுதே?"

"உராய்வு இருக்கும்ல, அதனாலதான்."

"தண்ணிக்கு அவ்வளவு உராய்வா மேடம்? எண்ணெய்னா நம்பலாம்."

எழில்மொழிக்குச் சுருக்கென்றது. தெரியாத இடத்தில் உராய்வு என்று சொல்லித் தப்பிப்பது அவள் பள்ளியில் இருந்தபோதே பழகிய வழி. இதுவரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்று அழைப்பை முடித்தாள். அதற்குப் பிறகு வந்த கணக்குகளில் மனம் ஒட்டவில்லை.

கொல்லையில் மேல்பக்கம் வெட்டிய காலி எண்ணெய் டின் ஒன்று கிடந்தது. அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய், அடிப்பக்கமாகப் பக்கவாட்டில் விரல் பருமனுக்கு ஒரு துளை போட்டுக்கொண்டு வந்தாள்.

அம்மா ராமாயிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருந்த டின்னை ஏண்டி ஓட்டை போட்டுக்கிட்டு வந்திருக்க?"

"தண்ணி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்மா."

"ஓட்டை போட்டா ஒழுவத்தான் செய்யும். இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?"

துளையை விரலால் அடைத்து, டின்னை நிரப்பி, விரலை எடுத்தாள். செல்போனில் நேரம் ஓடியது. சபிஹா சொன்னது சரி. மறுபடி நிரப்பினாள். இந்த முறை நேரத்தை விட்டுவிட்டு மண்ணில் குந்தி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தாள்.

துளையை விட்டு வெளியே வந்ததும் தண்ணீர் இடுங்கியது. கம்பிபோல் மினுமினுத்துப் பாய்ந்த அந்தத் தாரை, துளையின் அகலத்துக்கு இல்லை, அதைவிட மெலிந்திருந்தது. ஏன் என்று யோசித்தாள். டின்னுக்குள் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் துளையை நோக்கி ஓடிவருகிறது. ஓடிவந்த வேகத்தில் கூரான விளிம்பில் சட்டென்று திரும்ப முடியாமல், வெளியே வந்த பிறகும் நடுவை நோக்கியே நெருக்குகிறது. அளவுகோலைப் பிடித்துப் படமெடுத்து, மெலிந்த இடத்தின் அகலத்தைக் கணக்கில் போட்டாள். நேரம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது.

பிறகு இணையத்தில் தேடினாள். பொறியியல் படிப்பவர்களுக்கெல்லாம் இது பழைய பாடமாம். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் சிரிப்பு வந்தது. யாரும் சொல்லாமல் தானே பார்த்துவிட்டோமே!

சபிஹாவை அழைத்து, "உராய்வுன்னு சொன்னது தப்பும்மா, அது ரொம்பக் கொஞ்சம்தான்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

கேட்டு முடித்ததுமே சபிஹாவிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது. "அக்கா, அப்போ தண்ணி வழுக்கிக்கிட்டு வர்ற மாதிரி விளிம்பை வளைவா வச்சா?"

மேடம் அக்காவானதைக்கூட எழில்மொழி கவனிக்கவில்லை. "இரு, லைன்லயே இரு" என்றாள்.

தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி, துளையைப் பெரிதாக்கி, பாட்டிலின் கழுத்து வெளியே நீட்டும்படி உள்ளிருந்து செருகி, இடுக்கில் எம்-சீல் பசையை அப்பினாள். அது இறுகும்வரை காத்திருக்கும் பொறுமை இருவருக்கும் இல்லை. ஆனாலும் பேசிக்கொண்டே காத்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தொலைதூரக் கல்வியில் பி.எஸ்சி. படிப்பதாகவும், வார இறுதி வகுப்பில் கேள்வி கேட்டால் சிரிக்கிறார்கள் என்றும் சபிஹா சொன்னாள்.

இதற்குள் இணையதளத்திலிருந்து, ஒரே கணக்கில் இவ்வளவு நேரம் செலவிடக்கூடாது என்று எச்சரிக்கை வந்தது. எழில்மொழி அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு டின்னை நிரப்பினாள்.

"அம்மா, இந்த போனைக் கொஞ்சம் பிடி. வீடியோவுல தண்ணி தெரியுற மாதிரி."

ராமாயி முணுமுணுத்துக்கொண்டே பிடித்தாள். பாட்டிலின் வாயை அடைத்திருந்த உள்ளங்கையை எழில்மொழி எடுத்ததும், கழுத்தை நிறைத்துக்கொண்டு தண்ணீர் பாய்ந்தது. எங்கேயும் மெலியவில்லை.

"தெரியுதா சபிஹா?"

"தெரியுதுக்கா! நேரம் பாக்குறீங்களா?"

கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தண்ணீர் முழுவதும் வடிய ஆன நேரம் சூத்திரம் சொன்னதற்கு மிக அருகில் இருந்தது. ஆனால் சில விநாடி வித்தியாசம் இன்னும் மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் எதனால் என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள்.