தலைப்பாகை இடுப்புக்குப் போன கதை

போன திங்கட்கிழமை கோர்ட் கச்சேரிக்கு வெறுந்தலையோடு போனேன். ஆமாம், தலைப்பாகை இல்லாமல்! குமாஸ்தா உத்தியோகம் பார்க்கிற வாசகர்கள் இந்நேரம் தங்கள் தலையைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன் — எங்களுக்கெல்லாம் தலைவரான சிரஸ்தார், போன மாதம்தான் இதே குற்றத்துக்கு ஒருவரின் சீட்டைக் கிழித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

என் மனைவி கோமதிக்கு இது எட்டாம் மாதம். ஒரு மாதமாக இடுப்புக்குக் கீழே, தொடை சேருகிற எலும்பில் அப்படியொரு வலி. நிலைப்படி தாண்ட ஒரு காலைத் தூக்கினால் போதும், ‘அம்மா!’ என்று கதவைப் பிடித்துக்கொள்வாள். நான் என்ன செய்தேன்? “பிள்ளைத்தாச்சின்னா வலி இருக்கத்தான் செய்யும்” என்று ஆறுதல் சொன்னேன். தினமும் சொன்னேன். அவள் ஏன் என்னை முறைத்தாள் என்று இப்போதுதான் விளங்குகிறது.

திங்கள் காலை நான் கச்சேரிக்குக் கிளம்பும்போது, அடுக்களை நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. கண்ணில் நீர். பயந்துபோய் மருத்துவச்சி சுடலியைக் கூட்டிவந்தேன்.

“பயப்படாதிய. பேறுகாலம் நெருங்குதுல்லா, எலும்புப் பூட்டு நெகிழுது. வயித்த அமுக்காம, அதுக்குக் கீழ சுத்திக் கட்டணும். நீளமா, கெட்டியா ஒரு துணி கொண்டாங்கய்யா” என்றாள் சுடலி.

பட்டுச்சேலை கொடுத்தேன் — வழுக்கியது. என் வேட்டியைக் கொடுத்தேன் — முடிச்சுப் போடும்போதே கிழிந்தது. (எத்தனை வருஷத்து வேட்டி என்று கேட்காதீர்கள்.) சுடலியின் பார்வை மெல்ல என் தலைக்கு ஏறியது.

“ஏட்டி, இது கச்சேரித் தலைப்பாகை! இருக்கது இது ஒண்ணுதான். இது இல்லாமப் போனா வேலையே போயிரும்.”

“உங்க தலை ஆடாம நிக்குல்லா ஐயா? அம்மை இடுப்பு நிக்கலியே.”

கோமதியைப் பார்த்தேன். கதவைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவிழ்த்துக் கொடுத்தேன்.

பதினாறு முழம். சுடலி சுற்றினாள், இறுக்கினாள். “ரெண்டு முட்டியையும் சேத்து வச்சுக்கிட்டுத் திரும்புங்கம்மா. பைய... பைய...” கோமதி ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. நிலைப்படியைத் தாண்டியே விட்டாள்! அடுக்களைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “இத ஒரு மாசம் முன்னால தந்திருக்கப்பிடாதா?”

கச்சேரியில் சிரஸ்தார் என் குடுமியைக் கண்கொட்டாமல் பார்த்தார். “என்னவே இது? தலைப்பாகை எங்க?”

எல்லாப் பேனாவும் நின்றன. வண்ணான் வரவில்லை என்று ஒரு பொய் தயார் செய்திருந்தேன். வாயில் வந்ததோ உண்மை. “வீட்டுல இடுப்பு வலிய்யா. அவளுக்குச் சுத்தியிருக்கு. இப்ப நடக்கா.”

யாரோ சிரித்தார்கள். சிரஸ்தார் சிரிக்கவில்லை. என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆக, என் சீட்டும் கிழிந்தது என்று நினைத்தேன்...

“நம்ம மூத்த மவளுக்கு இது ஒம்பதாம் மாசம்வே” என்றார் தணிந்த குரலில். “கட்டில விட்டு எந்திரிக்க முடியாமக் கெடக்கா. எத்தன முழம் வேணும்?”

செவ்வாய்க்கிழமை எங்கள் கச்சேரியில் வெறுந்தலைகள் இரண்டு.