அப்பாவின் பெயருக்கு முன்னால்

பத்தாவது வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் அரிசி ஆலையில் மூட்டைகளின் மேல் போட்ட எண்கள்தான். இப்படி நீளமாக எழுத உட்கார்ந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

அந்த வராத வாயை வைத்துக்கொண்டு ஒரு ஸ்பெயின்காரரை வரவேற்க வேண்டியிருந்தது. என் மகன் குயிலாப்பாளையத்தில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்கிறான். அங்கே வந்து தங்கியிருந்த ஸ்பெயின் பெண்ணும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவு செய்துவிட்டார்கள். பெண்ணின் அப்பா, திண்டிவனம் பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அதை மாற்ற முடியாது. அவரை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் கவலை. தவறாகக் கூப்பிட்டு, மரியாதை தெரியாத குடும்பம் என்று நினைத்துவிட்டால் மகனுக்குத்தான் தலைகுனிவு.

போனில் மகன் பாடம் எடுத்தான்.

“செனியோர்னா குடும்பப் பேரோட சேர்த்துச் சொல்லணும்ப்பா. தோன்னா சொந்தப் பேரோட. மாத்திடாத.”

“பேரச் சொல்லாம கூப்புட முடியாதாடா?”

“பேரோட சொன்னாத்தாம்ப்பா அங்க மரியாத.”

எங்கள் பக்கம் பெரியவர்களுக்கு மரியாதை என்றால் பெயரைச் சொல்லாமல் விடுவது. பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாலைக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெருவில் இருப்பவர்கள் எங்கள் காலனிக்காரர்களைக் கூப்பிடும் முறை. என் அப்பா கூலிக்குப் போன நிலத்துக்காரரின் மகன், என்னைவிட இளையவர், அவரும் அப்பாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பின்னால் ஒரு ‘டா’ உண்டு. எங்கள் ஊரில் அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை என்று ஊர்த்தெருவில் சொல்வார்கள்.

நெல் மூட்டைகளுக்கு நடுவே நின்று செனியோரையும் தோனையும் சொல்லிச் சொல்லிப் பழகினேன். மூட்டைகள் குறை சொல்லவில்லை.

வந்த அன்று கார் சாலையோர டீக்கடை முன்னால் நின்றது. நானும் அப்பாவும் காத்திருந்தோம். பெஞ்சில் நிலத்துக்காரரின் மகன் டீ குடித்துக்கொண்டிருந்தார். என் மகனும் ஸ்பெயின்காரரும் இறங்கினார்கள். பழகியதெல்லாம் எனக்கு மறந்துபோனது.

“வாங்க சார்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, எல்லோருக்கும் கேட்கும்படி “செனியோர்” என்றார். அதன் பின்னால் சொன்னது என் அப்பாவின் பெயர்.

“இன்னாங்க?” என்று அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

எனக்குக் குடும்பப் பெயர் என்னவென்று மகனிடம் கேட்டிருக்கிறார் மனிதர். அதெல்லாம் கிடையாது, இனிஷியல்தான் என்று இவன் சொல்லியிருக்கிறான். இனிஷியலுக்கு விரிவைக் கேட்டு, அதையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்.

பெஞ்சிலிருந்தவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “இன்னாடா, வெள்ளக்காரனும் உன்னப் பேரு சொல்லிக் கூப்புடறான்?”

“வெறும் பேரு இல்லண்ணே, முன்னாடி செனியோர் சேர்த்துச் சொல்றாரு” என்றான் மகன். “ஐயான்னு அர்த்தம்.”

“யாருக்கு ஐயா?”

“தாத்தாவுக்கு.”

அவர் டீயை ஊதினார். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

மகன் என் காதருகே வந்தான். “அது உம் பேரு இல்லன்னு சொல்லிடட்டாப்பா? மாத்திக் கூப்பிட்டுக்கினு இருக்காரு.”

“சும்மா இருடா” என்றேன்.

அன்று முழுக்க அவர் என்னை அப்படியே கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் அப்பாதான் பதில் சொன்னார். காலையில் “இன்னாங்க” என்றவர், சாப்பாட்டுக்குப் பிறகு “சொல்லுங்க” என்றார். சாயங்காலம் துண்டு தோளிலேயே இருந்தது. “ம்” என்று மட்டும் சொன்னார். சம்பந்தம் பேசி முடிந்தது. போகும்போது ஸ்பெயின்காரர், இவ்வளவு மரியாதையான குடும்பத்தை இதுவரை பார்த்ததில்லை என்று மகனிடம் சொன்னாராம்.

மறுநாள் காலை நிலத்துக்காரரின் மகன் சாலையில் வண்டியை நிறுத்தி, மல்லாட்டைக் கடலை காயவைக்க வரச்சொல்லி அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அப்பாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை என்று நான் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.