அப்பா போட்ட ஒரே கார்டு

என் மேசைமேல் ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை கிடக்கிறது. கரும்பும் மஞ்சள் குலையும் புதுப்பானையும் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி ஊருக்குள் வருகிற படம். சிவகாசி அச்சு. நிறம் கொஞ்சம் விலகிப்போனதில் வண்டிக்காரரின் தலைப்பாகைச் சிவப்பு அவர் காதிலும் பூசியிருக்கிறது. வரைந்தவர் கரும்பை நன்றாகப் பார்த்திருக்கிறார். மாட்டைத்தான் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு மாடுகளும் சிரிக்கின்றன. உள்ளே அச்சிட்ட வாழ்த்துக்குக் கீழே, சாய்ந்த கையெழுத்தில் ‘அன்புடன் அப்பா’ என்று இரண்டே சொற்கள். அட்டையைத் திருப்பினால் வெறும் வெள்ளை. வலது மேல்மூலையில் மட்டும் விரலால் தடவினால் தெரிகிற ஒரு சொரசொரப்பு. அந்த இடத்தைத்தான் ஒரு வாரமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

சங்கரன்கோவில் ரதவீதியில் அப்பாவுக்கு நோட்டுப் புத்தகக் கடை. வருடம் முழுக்க நோட்டும் பேனாவும் விற்ற கடை, கார்த்திகை பிறந்ததும் வேறு முகம் காட்டும். அப்பா சிவகாசிக்குப் போய் அட்டைகளை மூட்டையாகக் கொண்டுவருவார். முதலில் கிறிஸ்துமஸ் வாழ்த்து, அது முடிவதற்குள் பொங்கல் வாழ்த்து. கடை முகப்பில் நான்கு வரிசை சணல் கயிறு கட்டி, கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம். புறாவின் காலில் ஓலை கட்டும் அரசகுமாரி, யாழ் மீட்டும் பாணன், அரசவையில் பாட்டுப் படிக்கும் புலவர், வாடிவாசல் காளை, சினிமா நட்சத்திரங்கள் என்று எல்லோரும் ஒரே கயிற்றில் சண்டையில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். ராயகிரி, சிவகிரியிலிருந்து வருகிற விவசாயிகள் காளையை வாங்குவார்கள். காலேஜ் பிள்ளைகள் புறாவை வாங்குவார்கள். நோன்பு மாதத்தில் கடையநல்லூர்க்காரர்கள் துபாய்க்கு அனுப்பப் பிறை போட்ட அட்டை கேட்டு வருவார்கள்.

எந்த அட்டை என்ன விலை என்று தெரிவதற்காக ஒவ்வொன்றின் பின்னாலும், வலது மேல்மூலையில், அப்பா பென்சிலால் சின்னதாக ஓர் எண் எழுதுவார். விற்றவுடன் அதை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். அதில் அப்பா பிடிவாதக்காரர். “வாழ்த்துல வெல தெரியப்பிடாது மக்கா. எம்புட்டுக்கு வாங்குனாம்னு கையில வாங்குதவனுக்கு எதுக்கு?” என்பார். அழிக்கிற வேலை அக்காவுடையது. ரப்பரை அழுத்தாமல், பூனைக்குட்டியைத் தடவுகிற மாதிரி தடவி, அட்டையைத் தட்டித் துகளை ஊதிவிட்டுக் கொடுப்பாள். ஒருமுறை ராயகிரிக்காரர் ஒருவருக்கு அழிக்காமலே கொடுத்துவிட்டோம். அக்கா ரப்பரோடு பஸ் ஸ்டாண்டுக்கே ஓடினாள். கிளம்பி நகர்ந்த பஸ்ஸின் ஜன்னலில் கையை நீட்டி, “அண்ணாச்சி, அந்தக் கார்ட இங்கன குடுங்க, ஒரு நிமிசம்!” என்று கத்தினாள். கண்டக்டர் விசில் அடித்து வண்டியை நிறுத்த, பஸ்ஸின் தகரத்தில் அட்டையை வைத்து அழித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் அது இயல்புதானே என்பதுபோல் அடுத்த ஆளைக் கவனித்தார்.

அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். எனக்குத் தலை பின்னிவிட்டது, காய்ச்சலில் கஞ்சி புகட்டியது எல்லாம் என்னைவிட ஏழு வயது மூத்த அக்காதான். அவளுடைய கல்யாணமும் அந்தக் கடையிலிருந்துதான் வந்தது. எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் மகன் ஒரு டிசம்பரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து வாங்க வந்தார். மறுநாளும் வந்தார். அந்த மாதம் அவர் வாங்கிய அட்டைகளை அனுப்புவதற்கு அவருக்கு அவ்வளவு சொந்தக்காரர்கள் கிடையாது என்பது எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. வருடந்தோறும் சந்தோஷமாகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து விற்ற மனிதர், கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனை மருமகனாக ஏற்க முடியாது என்றார். அக்கா தூத்துக்குடிக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். “அவ பேச்ச இனி இங்கன எடுக்கப்பிடாது” என்றார் அப்பா. ரப்பர் என் கைக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குத் தை பிறப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டிலிருந்து பொங்கப்படி போக வேண்டும். பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்புக்கட்டு. அதுவும் தலைப்பொங்கல் என்றால் ஊரே பார்க்கிற மாதிரி போகும். அக்காவுக்கு எதுவும் போகவில்லை. அவளிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது, கடை முகவரிக்கு. கவரை ஒட்டாமல் மடித்து மட்டும் அனுப்பினால் தபால்தலை குறைவு. ஆனால் உள்ளே கடிதம் எழுதக்கூடாது, வாழ்த்தும் பெயரும்தான் இருக்கலாம். அக்கா பெயரை மட்டும் எழுதியிருந்தாள். அப்பா அட்டையை வெளியே எடுக்கவில்லை. கவரின் மேல் விழுந்த தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “தூத்துக்குடிதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மேசை டிராயரில் போட்டார். அடுத்த வருடமும் அப்படியே.

மூன்றாம் வருடம் நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். மார்கழி முழுக்கக் கோமதி அம்மனிடம் ஒரே வேண்டுதல், இந்தப் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வர வேண்டும் என்று. அம்மன் மெதுவாகத்தான் செய்வாள் என்று பட்டதால் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அப்பா டீ குடிக்கப் போன நேரம், கயிற்றிலிருந்து வண்டி அட்டையை உருவினேன். கிடைக்காத பொங்கப்படி முழுவதும் அந்த வண்டியில் ஏறியிருந்தது. பில் புத்தகத்தைப் பார்த்து அவர் கையெழுத்தைப் பழகி வைத்திருந்தேன். ‘அன்புடன் அப்பா’ என்று எழுதி, கவரில் செருகி, எதிர் மருந்துக்கடையில் முன்பே கேட்டு வைத்திருந்த அக்கா முகவரியை எழுதி, அவர் திரும்பி வருவதற்குள் ஓடிப்போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். அக்கா வாசலில் வந்து நின்றுவிட்டால் அப்பா போ என்று சொல்ல மாட்டார் என்பது என் கணக்கு. இன்றைக்கும் அந்தக் கணக்கு சரி என்றுதான் நினைக்கிறேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையிலிருந்து, தூத்துக்குடிக்காரர்கள் மாறி வருகிற கோவில்பட்டி பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கவனித்துவிட்டார். “யாரட்டி பாக்க, பஸ் பஸ்ஸா?” என்றார். ஒன்றுமில்லை என்றேன். பொங்கலன்று பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். அக்கா வரவில்லை.

அந்த வருத்தம் கொஞ்ச நாளில் கோபமாக மாறியது. அப்பாவே கூப்பிட்டிருக்கிறார் என்று நம்பியும் வராமல் இருக்கிறாள் என்றால் எவ்வளவு கர்வம்! கார்டு போட்டது நான்தான் என்பது என் வசதிக்கு மறந்துபோனது. எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அக்காவுக்குப் பத்திரிகை அனுப்பலாமா என்று நான் கேட்டிருந்தால் அப்பா மறுத்திருக்க மாட்டார். அப்போது அவர் தளர்ந்து போயிருந்தார். நான் கேட்கவில்லை. தலையில் பூ வைத்துவிட யாரோ ஒரு சொந்தக்காரப் பெண் வந்தாள். அவள் இழுத்த இழுப்பில் கண்ணீர் வந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா இறந்தபோது அக்கா வந்தாள். அழுது முடித்து எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். “அப்பா ஒனக்குக் கார்டு போட்டாருல்லா? அப்பவும் நீ வரலியே!” என்றேன். எந்த முகத்தோடு அதைச் சொன்னேன் என்று இப்போது தெரியவில்லை. அக்கா கலைந்திருந்த என் முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். “வந்திருக்கணுந்தாம்ட்டி” என்றாள். அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அதற்குப் பிறகு வீட்டு விசேஷங்களில் பார்த்துக்கொண்டோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டோம். பழைய பேச்சு திரும்பவே இல்லை.

போன மாதம் அக்காவும் போய்விட்டாள். தூத்துக்குடியில் எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது அவள் மகள் இந்த அட்டையைக் கொண்டுவந்தாள். “அம்மா இத பைபிளுக்குள்ள வச்சிருந்தாங்க சித்தி. நாங்க சின்னப் பிள்ளைல, தாத்தா நம்மள மறக்கல பாரு, இவ்வளவும் வண்டியில ஏத்தி அனுப்பிருக்காருன்னு காட்டுவாங்க. தாத்தா போட்ட ஒரே கார்டு. ஆனா ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க.”

ஏன் என்னிடம் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மூலையில் பென்சில் எண் இல்லை. ரப்பர் தேய்த்த தடம் இருந்தது.

நான் அழிக்கவில்லை. அன்றைய அவசரத்தில் எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. எண்ணோடுதான் அட்டை தூத்துக்குடிக்குப் போயிருக்கிறது. பஸ்ஸை நிறுத்தி எண் அழித்தவள் அக்கா. விலை தெரிகிற வாழ்த்தை அப்பா தன் கையால் அனுப்பவே மாட்டார் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? கவரைப் பிரித்த அன்றைக்கே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, கூப்பிடாத வீட்டுக்கு வரவும் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு தாத்தா வேண்டுமே என்று ரப்பரை எடுத்து, நான் விட்ட வேலையை முடித்திருக்கிறாள்.

இந்தப் பொங்கலுக்கு என் போனில் நூறு வாழ்த்தாவது வந்திருக்கும், பானை தானாகப் பொங்குகிற படங்களோடு. எதையும் திறந்து பார்க்க மனம் வரவில்லை. வண்டி அட்டையை எடுத்து அந்த மூலையைத் தடவினேன். அழுத்தாமல்தான் அழித்திருக்கிறாள், தாள் கொஞ்சமும் கிழியவில்லை. அவள் வரவில்லை என்று அத்தனை வருடம் கோபமாக இருந்தேன். கோவில்பட்டி போய்ப் பஸ் மாறினால் தூத்துக்குடி. நான் ஒருநாள் ஏறிப் போயிருக்கலாம்.