போட்டாச்சா?

ஹாரன் மாமாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வேன் ஓட்டிய காலத்தில் வாசலுக்கு வாசல் ஹாரனை அழுத்தித் தூங்குமூஞ்சிகளை எழுப்பி அள்ளிப் போட்டுக்கொண்டு போனவர் அவர். வண்டிக்குள் காது கிழியும். ஒருவன் ஷூவைத் தொலைப்பான், ஒருத்தி பக்கத்துச் சடையைப் பிடித்து இழுப்பாள், யாராவது ஒரு புண்ணியவான் கட்டாயம் வாந்தி எடுப்பான். வீட்டில் ஆள் இல்லாத மனிதருக்கு அந்தக் கூச்சல்தான் குடும்பம். அவருடைய கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் அதைப் பற்றிக் கேட்பதையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பிறகு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் கைவிரித்தன. அக்கா ஒன்றைக் கொடுத்தாள். "எனக்கு ரெண்டு இருக்கு, உனக்கு ஒண்ணுகூட இல்ல. இதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்று கேட்டவள், யோசிக்காமலேயே ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கூடப் பிறந்தவள் கொடுத்தாலும் உடம்புக்கு அது அன்னியம்தான். சும்மா விட்டால் உடம்பு அதோடு சண்டைக்குப் போகும். அதனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை வாழ்நாள் முழுக்க மாத்திரையால் அடக்கி வைக்க வேண்டும். கூடுதலாக அடக்கினால் ஊரில் இருக்கிற கிருமியெல்லாம் உரிமையோடு உள்ளே வரும். குறைவாக அடக்கினால் சிறுநீரகம் போய்விடும். "பிள்ளைங்க கூட்டம் ஆகவே ஆகாது," என்றார் டாக்டரம்மா. "ஒரு வேன் நிறைய சளி அது."

வேன் ஓட்டுவது அத்தோடு முடிந்தது. முதலாளி நல்ல மனிதர். வண்டிகள் நிற்கும் ஷெட்டின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறையைக் கொடுத்து, போனில் பதில் சொல்லும் வேலையில் உட்கார வைத்தார். பெற்றோர்கள் கூப்பிட்டு "வண்டி எங்க?" என்பார்கள். சொன்னதும் வைத்துவிடுவார்கள். அவருடைய மாஸ்க்கைப் பார்த்த மற்ற டிரைவர்கள் அவருக்கு ஏதோ ஒட்டிக்கொள்ளும் வியாதி என்று முடிவு கட்டினார்கள். "ஐயா, உங்ககிட்ட இருந்து என்னைக் காப்பாத்திக்கத்தான் இது," என்று சொல்லிப் பார்த்தார். தலையாட்டினார்கள், ஆட்டிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார்கள். டீ மட்டும் வாசற்படியில் வைக்கப்பட்டு ஆறிக் கிடக்கும்.

நாளில் அவருக்கென்று வருவது ஒரே ஒரு போன், அக்காவுடையது. தூரத்து ஊரில் ஒரு தையல் ஆலையில் அவளுக்கு வேலை. உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். மாலையில் வீடு அவளைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே காலையில், மாத்திரை வேளையில், ஆலைக்கு நடக்கும் வழியில் கூப்பிடுவாள்.

"போட்டாச்சா?"

"இதோ, போடறேன்."

"போடு. நான் கேக்கணும்."

அவர் போனை வாயருகே வைத்துக்கொண்டு மடக்கென்று விழுங்குவார். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குப் பேச்சு வரும். முழங்கால் வலி, அத்தானின் குறட்டை, மேஸ்திரியின் அலட்டல் எல்லாம் ஆலை வாசல் வரைக்கும் ஓடும். அதை வைத்துத்தான் அவர் மிச்ச நாளை ஓட்டுவார்.

மருந்தின் அளவைப் பார்க்க ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நாளில் மட்டும் சட்டம் வேறு. ரத்தம் கொடுத்த பிறகுதான் மாத்திரை. அப்போதுதான் முந்தின வேளை மருந்து உடம்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது சரியாகத் தெரியும். முதல் முறை அக்காவிடம் அப்படியே சொன்னார்.

"மறந்துட்டு கதை விடறியா? உடம்பை அறுத்துக் குடுத்திருக்கேன்டா!" என்று அழுதாள், படக்கென்று வைத்துவிட்டாள். அன்று முழுக்க "வண்டி எங்க?" தவிர வேறு குரல் கிடையாது. அடுத்த முறை, வம்பே வேண்டாம் என்று விழுங்கிவிட்டார். ஒரு மாத்திரை முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தார். ரத்தம் எடுக்கும் பெண், "மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று கேட்டபோது, இல்லை என்று தலையை ஆட்டினார். அதற்கடுத்த முறையும் ஆட்டினார்.

அப்போதுதான் போட்ட மாத்திரை ரத்தத்தில் அதிகமாகத் தெரிந்தது. டாக்டரம்மா அளவைக் குறைத்தார். அதற்குப் பிறகு எடுத்த ரத்தத்துக்கும் அவர் விழுங்கிவிட்டுத்தான் போனார். கொஞ்ச நாளில் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது, லேசாகக் காய்ச்சலும் வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

டாக்டரம்மா முடிவுகளை மாறி மாறிப் பார்த்தார். "மருந்து அளவு சரியாத்தான் இருக்கு. அப்போ உடம்பு எதிர்க்கறதுக்கு வாய்ப்பு கம்மி. கிருமியாத்தான் இருக்கும். மாத்திரையை இன்னும் குறைச்சுப் பார்க்கலாம்."

ஹாரன் மாமாவுக்குப் பயம் என்றால் அப்படி ஒரு பயம். வாயைத் திறந்தால் மானம் போகும், திறக்காவிட்டால் அக்கா கொடுத்தது போகும்.

"டாக்டரம்மா, அந்த அளவு பொய். நான் மாத்திரை போட்டுட்டுத்தான் ரத்தம் குடுத்தேன்."

"ஏன்? யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க. எங்க அக்கா போன் பண்ணுவா. போடலைன்னா பேச மாட்டா. எனக்கு வேற யாரும் பேசறதுக்கு இல்ல."

திட்டு விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. டாக்டரம்மா சட்டென்று ஊசிப் பரிசோதனைக்கு எழுதினார். வயிற்றின் ஓரத்தில் ஊசி விட்டு, அக்காவின் சிறுநீரகத்திலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். உடம்பு சண்டையைத் தொடங்கியிருந்தது. மாத்திரையைக் குறைக்காமல் கூட்டினார்கள், நரம்பு வழியாகவும் மருந்து ஏற்றினார்கள். பெரும்பகுதி மீண்டது. கொஞ்சம் போனது போனதுதான்.

வார்டிலிருந்து அவரே அக்காவிடம் சொன்னார்.

"அது என் கிட்னிடா, மடையா!"

"தெரியும்கா."

"எனக்குப் பயந்துட்டா போட்டே?"

"பயம் இல்லக்கா. நீ வெச்சிடுவியேன்னுதான்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இனிமே ரத்தம் எடுக்கற நாள்ல நான் கூப்பிடவே மாட்டேன். குரலைக் கேட்டா நீ போட்டுடுவே. உன்னை நம்பறதுக்கில்ல."

அவள் சொன்னது நியாயம். "சரிக்கா," என்றார்.

அடுத்த ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. மாத்திரை வேளையில் போன் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரிந்தும் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தார். "மாத்திரை போட்டுட்டீங்களா?" என்று கேட்ட பெண்ணிடம், "இல்லம்மா, சத்தியமா இல்ல," என்று கையை நீட்டினார்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி, இருமுகிற கூட்டத்தை விட்டு விலகி, தாழ்வாரத்தின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மாஸ்க்கை இறக்கி மாத்திரையை நாக்கில் வைத்தார். தண்ணீரை மடக்கென்று, நன்றாகக் கேட்கும்படி குடித்தார்.

"போட்டாச்சுக்கா," என்றார்.

பக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினார்.