பிரேதம் ஏற்றிய பஸ்

என் கணவரிடம் சொந்தமாக ஒரு பஸ் இருந்தது. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் தானே ஓட்டினார். ஆரையம்பதிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் ஊரில் அதை ‘நம்மட பஸ்’ என்றுதான் சொல்வார்கள். அந்த ‘நம்மட’வை நான் நம்பியது என் மடத்தனம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, பிரதான வீதியில் நின்றதால் பஸ் தப்பியது. கடற்கரையிலிருந்து ஓடிவந்த சனம் அதை மறித்தது. இவர் பின் இருக்கைகளைக் கழற்றி எறிந்துவிட்டு முதலில் காயக்காரர்களையும் பிறகு பிரேதங்களையும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார். எங்கள் ஊர்க் கோயிலை நடத்துகிற வண்ணக்கரின் மனைவியின் உடலும் அதில்தான் போனது. அன்று அந்த மனிதர் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உன்னைச் சாகும்வரை மறக்கமாட்டேன் என்று அழுதார்.

பிறகு பஸ்ஸைக் கழுவினோம். ஐயரைக் கூப்பிட்டு மஞ்சள் நீர் தெளித்து நீத்துப்பூசணிக்காய் உடைத்தோம். மறுபடி ஓடத் தொடங்கியபோது, தரிப்பிடத்தில் நின்றவர்கள் எங்கள் பஸ்ஸைக் கண்டதும் எதையோ மறந்தவர்கள்போலப் பையைத் துழாவினார்கள். பின்னால் வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். பிரேதம் ஏற்றிய பஸ்ஸாம். தீட்டாம். அந்தப் பிரேதங்கள் என்ன வேற்றூர்ப் பிரேதங்களா?

மண்டூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் ஊர்ச்சனம் எங்கள் பஸ்ஸில்தான் போகும். அந்த ஆண்டு வண்ணக்கர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“குறை நினையாத மச்சான். வேற பஸ் பேசிட்டம். சனம் விரும்புதில்ல.”

இவர் தலையாட்டினார். தேநீருக்கு மூட்டிய அடுப்பை நான் அணைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு இருக்கைகளை மாற்றினோம், புதிதாக வர்ணம் பூசினோம். ஒன்றும் பலிக்கவில்லை. கொண்டக்டரும் வேறு பஸ்ஸுக்குப் போய்விட்டார். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் சண்டை மூண்டு சனம் இடம்பெயர்ந்தபோது மட்டும் எங்கள் வாசலில் கூட்டம். தன் தங்கச்சி குடும்பத்தை ஏற்றிவரச் சொல்லி வண்ணக்கரும் வந்து நின்றார். ஆபத்துக்குப் பாவமில்லை அல்லவா? இவரும் போய் ஏற்றிவந்தார். ஷெல் சத்தம் ஓய்ந்ததும் தீட்டு திரும்பி வந்துவிட்டது. ஆறு கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி.

வெறும் பஸ்ஸை எத்தனை காலம் ஓட்டுவது? ஏறாவூர் முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டு, இவர் வேறொருவருடைய பஸ்ஸில் சம்பளத்துக்குச் சாரதியானார்.

யுத்தம் முடிந்த ஆண்டு மண்டூருக்குப் பெரிய கூட்டமாகப் புறப்பட்டார்கள். எங்களையும் கட்டாயம் வரும்படி வண்ணக்கர் சொல்லி அனுப்பினார். விடிந்ததும் வந்து நின்றது ஒரு நீல பஸ். உள்ளே புது மெத்தை, பாட்டுப்பெட்டி, முன்கண்ணாடிக்கு மேலே பளபளக்கும் எழுத்து. நம்பர் தகட்டைப் பார்த்தேன். எங்கள் பஸ்தான். ஏறுகிற பஸ்ஸின் நம்பரை ஊரில் யார் பார்க்கிறார்கள்? தேங்காயும் பூத்தட்டும் குழந்தைகளுமாக எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மண்டூரில் பூசை செய்பவர்கள்தான் வாயைத் துணியால் கட்டிக்கொள்வார்கள், எனக்கென்ன வந்தது? சொல்லியே தீருவது என்று எழும்பினேன். இவர் என் கையைப் பிடித்து இருத்தினார்.

“பறையாத. தெரிஞ்சா இறங்கிப் போயிருவாங்க. அந்த ஏறாவூர் மனிசன் பாவம்.”

நான் வாயை மூடிக்கொண்டேன். இவருக்காகத்தான்.

திரும்பி வரும்போது வண்ணக்கர் எங்களுக்குப் பின்னால், பஸ்ஸின் கடைசி இருக்கையில் வசதியாகச் சாய்ந்திருந்தார். அவருடைய மனைவியைக் கிடத்தியிருந்த இடம் அது. நெற்றி நிறைய விபூதி. முன்னால் குனிந்து இவருடைய தோளில் தட்டினார்.

“பார் மச்சான், பஸ்ஸெண்டா இப்பிடி இருக்கவேணும். உன்ட பஸ்ஸையும் இப்பிடி வெச்சிருந்தா, வித்திருக்கத் தேவையில்லையே.”

“ஓம் மச்சான்” என்றார் இவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பட்டிருப்புப் பாலம் தாண்டும்வரை ஆத்திரத்தில் அழுதேன்.